நான்கு வருடம் சொல்லாமலே படித்தேன்

அம்மாவுக்கு மறதிநோய் என்று மருத்துவர் உறுதியாகச் சொன்ன வாரத்தில்தான், முன்பின் தெரியாத ஒரு பெண்மணி இணையத்தில் எழுதிவந்தது என் கண்ணில் பட்டது. அவருடைய கணவருக்கும் அதே நோய். வீட்டில் தனியாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த அந்த வயதான பெண்மணி, வாரம் ஒன்றாகக் குறிப்புகள் எழுதிவந்தார். சில வாரங்களில் இரண்டு பக்கம் இருக்கும், சில வாரங்களில் நான்கே வரி. "இன்று குளிக்க மறுத்தார். வற்புறுத்தவில்லை. நாளை பார்க்கலாம்" என்பதோடு முடிந்த குறிப்புகூட உண்டு. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு மின்னஞ்சல் முகவரியும், "எழுதுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்" என்ற வரியும் இருக்கும். 4 வருடத்தில் அந்த வரியை ஏறக்குறைய 200 முறை பார்த்திருப்பேன். ஒரு முறைகூட எழுதவில்லை. அதனால் 11 மாதம் அம்மா எப்படித் தவித்தார், நான் எதையெல்லாம் இழந்தேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இதே போல ஒருவருடைய எழுத்தைப் பற்றிக்கொண்டு, வாய் திறக்காமல் இரவைக் கடத்திக்கொண்டிருக்கும் யாராவது இருந்தால் அவருக்கு இது போய்ச் சேர வேண்டும்.

ஏன் எழுதவில்லை என்று பல முறை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நேரமில்லை என்று அப்போது சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு குறிப்பையும் இரண்டு முறை படிக்க நேரம் இருந்ததே. உண்மையான காரணங்கள் வேறு. அவர் தலையில் ஏற்கெனவே அத்தனை பாரம், நான் வேறு போய்க் கடிதம் என்ற ஒன்றை ஏற்ற வேண்டுமா என்று தயங்கினேன். என்ன எழுதுவது என்றும் தெரியவில்லை. ஒருவருடைய துன்பத்தைப் படித்துவிட்டு "நன்றாக இருந்தது" என்று எப்படி எழுதுவது? எனக்கு முன்பே நூறு பேர் எழுதியிருப்பார்கள், என் கடிதம் எதற்கு என்ற நினைப்பும் இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்று கிடந்தது. எழுதினால் "என் அம்மாவுக்கும் இந்த நோய்" என்ற வாக்கியத்தை என் கையால் எழுத வேண்டியிருக்கும். வெறுமனே படித்துக்கொண்டிருக்கும்வரை அது அவருடைய வீட்டுக் கதை. அந்தக் கோட்டைத் தாண்ட எனக்குத் துணிவில்லை.

எழுதாவிட்டாலும் அவரை மிக நெருங்கியவராகவே நினைத்தேன். அவர் கணவர் எந்தச் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடிப்பார், எந்தப் பாட்டின் முதல் அடியைத் திரும்பத் திரும்பப் பாடுவார் என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. ஒரு வாரம் குறிப்பு வராவிட்டால் மனம் பதறும். 1956இல் டொனால்டு ஹார்ட்டன், ரிச்சர்டு வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், தொலைக்காட்சியிலும் வானொலியிலும் தோன்றுகிறவர்களோடு நேயர்கள் கொள்ளும் ஒருபக்க நெருக்கத்தைப் பற்றி எழுதினார்கள். எழுத்திலும் அதுவேதான் நடக்கிறது என்பதை என்னை வைத்தே சொல்வேன். இந்தப் பக்கம் அந்த நெருக்கம் முழுக்க உண்மை. அந்தப் பக்கம் நான் என்று ஓர் ஆளே கிடையாது. இதில் எனக்கு நேர்ந்த கெடுதல் என்னவென்றால், துணை இருப்பது போன்ற நிறைவை அந்த வாசிப்பு கொடுத்துவிட்டது. உறவினர்களிடம் பேசுவதை நிறுத்தினேன். பராமரிப்பாளர்கள் கூடும் கூட்டம் ஒன்றுக்கு வரச் சொன்னவரிடம் எனக்குத் தேவைப்படாது என்றேன். அவர் எழுதுகிறார், நான் படிக்கிறேன், அது போதும் என்று நம்பினேன்.

நான்காவது வருடத்தின் பிற்பகுதியில் மாலைநேரத் தொல்லை தொடங்கியது. வெளிச்சம் மங்கும் வேளையில் அம்மா நிலைகொள்ளாமல் நடப்பார். பிறகு ஓரிடத்தில் நின்று, "அந்தப் பெண் ஏன் இன்னும் போகவில்லை? என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்" என்பார். யாரும் இல்லை என்று நான் சொல்லச் சொல்ல அவருக்குப் பயம் கூடும். நான் அவளோடு சேர்ந்துகொண்டு பொய் சொல்கிறேன் என்று ஒரு நாள் அழுதார். என் அம்மா என்னைப் பார்த்து அப்படி அழுததை எழுதும்போது இப்போதும் கை நடுங்குகிறது. மறதிநோய் உள்ளவர்களுக்கு மாலையில் குழப்பம் கூடும் என்பதை ஏற்கெனவே படித்திருந்தேன். அதுதான் இது என்று முடிவுகட்டி, வீட்டில் இருட்டே இருக்கக் கூடாது என்று எல்லா அறையிலும் பெரிய விளக்குகள் போட்டேன். தொல்லை இரண்டு மடங்கானது. பூட்டுகளை மாற்றினேன். அவருடைய அறையை மாற்றினேன். இரவுத் துணைக்கு ஆள் வைத்தேன். முழுநேர வேலையைப் பகுதிநேரமாக்கிக்கொண்டேன். சேமிப்பில் மூன்றில் ஒரு பங்கு அந்த 11 மாதத்தில் கரைந்தது.

பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மருத்துவரிடம் போய், "இல்லாத ஆள் தெரிகிறதாம்" என்று சொன்னேன். நான் சொன்னதை வைத்து அவர், பதற்றத்தை அடக்க, மனநோய்க்குத் தரும் மருந்து ஒன்றை எழுதிக் கொடுத்தார். அம்மா பகலிலும் தூங்கி விழுந்தார், நடை தள்ளாடியது, ஒரு விடியற்காலையில் கீழே விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மனநோய்க்குத் தரும் புதிய தலைமுறை மருந்துகள் மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு உயிராபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே எச்சரித்திருக்கிறது. இதை அம்மாவுக்குக் கட்டுப் போட்ட பிறகுதான் தேடிப் படித்தேன். சில வீடுகளில் அந்த மருந்து தவிர்க்க முடியாததாக இருக்கலாம், அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அதற்குத் தேவையே இருந்திருக்கவில்லை என்பதுதான் என்னை வாட்டுகிறது.

கைக்கட்டைப் பார்க்க வந்த செவிலியர் ஒரு நாள் தாமதமாகி மாலையில் வந்தார். அம்மா வழக்கம் போலக் கூடத்தில் நின்று அந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டிருந்தார். செவிலியர் எதுவும் பேசாமல் அம்மாவின் பின்னால் போய் நின்று, அம்மா பார்க்கும் திசையில் பார்த்தார். பிறகு நடந்துபோய் ஜன்னல் திரையை இழுத்து மூடினார். அம்மாவின் தோள் தளர்ந்தது. "போய்விட்டாளா?" என்று கேட்டார். "போய்விட்டாள் அம்மா" என்றார் செவிலியர். வெளியே இருட்டி, உள்ளே விளக்கு எரிந்தால் ஜன்னல் கண்ணாடியில் நம் உருவம் தெரியும். அம்மாவின் நினைவில் அவருக்கு இன்னும் இளம் வயது. அங்கே தெரிந்த நரைத்த கிழவி யாரோ ஓர் அந்நியப் பெண். இந்த நோயில் தன் பிம்பத்தைத் தன்னுடையது என்று அறியும் திறன் சிலருக்குப் போய்விடும் என்று செவிலியர் விளக்கினார். நான் போட்ட பெரிய விளக்குகள் அந்தப் பெண்ணை இன்னும் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. வந்து பத்து நிமிடத்தில் அவர் கண்டுபிடித்ததை நான் 11 மாதமாகக் காணவில்லை.

அன்றிரவு ஏதோ நினைவு உறுத்த, பழைய குறிப்புகளைத் தேடினேன். நான் படிக்கத் தொடங்கிய முதல் வருடத்திலேயே அது இருந்தது. "இன்று வீட்டிலுள்ள கண்ணாடிகளை எல்லாம் துணி போட்டு மூடிவிட்டேன். இரவு நிம்மதியாகத் தூங்கினார்." இவ்வளவுதான். காரணம் எழுதவில்லை, அவருக்கு அது அவ்வளவு வெளிப்படையாக இருந்திருக்கும். அந்தக் குறிப்பை நான் குறைந்தது மூன்று முறை படித்திருக்கிறேன். தன் களைத்த முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் மூடிவிட்டார் போலிருக்கிறது என்று நானாக ஒரு பொருள் கற்பித்துக்கொண்டு, அவருக்காக உருகிவிட்டு, அடுத்த குறிப்புக்குப் போய்விட்டேன். "ஏன் மூடினீர்கள்?" என்று இரண்டு சொல் எழுதியிருந்தால் போதும். பதில் எழுதியிருப்பார். அவர் எழுதும் விதம் தெரிந்தவள் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்.

வாசிப்பு எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஒரு சோதனை உண்டு. ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்டது. ஒரு பகுதியை நான்கு அமர்வுகளில் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள், ஒரு வாரம் கழித்து அதில் 40 சதவீதத்தை நினைவுகூர்ந்தார்கள். ஒரே ஓர் அமர்வில் படித்துவிட்டு, பார்க்காமல் மூன்று முறை எழுதிப் பார்த்தவர்கள் 61 சதவீதத்தை நினைவுகூர்ந்தார்கள். அதிகம் படித்தவர்களுக்குத்தான் தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்ற நம்பிக்கையும் கூடுதலாக இருந்தது. நான் 4 வருடம் செய்தது அந்தத் திரும்பத் திரும்பப் படிப்புதான். ஒருவருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால், அவர் சொன்னதை நம் வாக்கியத்தில் ஒரு முறை சொல்லிப் பார்க்க வேண்டியிருக்கும். அப்போதே எங்கே புரியவில்லை என்பது தட்டுப்பட்டுவிடும். அந்த வாய்ப்பை எனக்கு நானே மறுத்துக்கொண்டேன்.

செவிலியர் வந்த அந்த இரவே, குறிப்புகள் எழுதிய அந்தப் பெண்மணிக்குக் கடிதம் எழுதினேன். மூன்று பக்கம். அனுப்பிய சில நொடிகளில், அப்படி ஒரு முகவரி இல்லை என்று திரும்பி வந்தது. அவருடைய கடைசிக் குறிப்பு வந்து அப்போது 7 மாதம் ஆகியிருந்தது. அதில் இப்படி எழுதியிருந்தார்: "இதை யாராவது படிக்கிறீர்களா என்று தெரியவில்லை. எழுதியதில் எனக்கு மனம் கொஞ்சம் இலேசானது. இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்." அந்தக் குறிப்பு வந்த அன்றே படித்தேன். வருத்தப்பட்டேன். விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கினேன். எனக்கு நேர்ந்த எல்லாவற்றையும் விட இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. படிக்கிறீர்களா என்று அவர் நேராகக் கேட்டார், படித்துக்கொண்டிருந்த நான் பேசாமல் இருந்தேன். அவர் கணவர் இருக்கிறாரா, அவர் எப்படி இருக்கிறார், எதுவும் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை.

நூறு பேர் எழுதியிருப்பார்கள் என்று நினைத்தேனே, அந்தக் கணக்கு எவ்வளவு பிசகானது என்பதும் பிறகுதான் புரிந்தது. இணையத்தில் மக்கள் கூடும் இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் படிப்பதோடு சரி, ஒன்பது பேர் எப்போதாவது வாய் திறப்பார்கள், ஒருவர் மட்டுமே தொடர்ந்து பங்களிப்பார் என்று இணையதளப் பயன்பாட்டை ஆராயும் யாக்கோப் நீல்சன் 2006இல் ஒரு தோராயக் கணக்குச் சொன்னார். அந்தத் தொண்ணூறு பேரில் ஒவ்வொருவரும் மற்றவர் எழுதியிருப்பார் என்று நினைத்தால், எழுதுகிறவருக்கு வந்து சேர்வது வெறும் அமைதிதான். அந்த அமைதியிலிருந்து அவர் எதைப் புரிந்துகொள்வார்? யாரும் இல்லை என்றுதான்.

காந்தி டால்ஸ்டாயின் நூலொன்றை 1894இல் படித்து ஆழமாக அசைக்கப்பட்டார். அவருக்கு முதல் கடிதம் எழுதியது 1909 அக்டோபர் 1ஆம் தேதி, லண்டனிலிருந்து. இடையில் 15 வருடம். டால்ஸ்டாய் உடனே பதில் எழுதினார், கடிதங்கள் தொடர்ந்தன, 1910 செப்டம்பரில் காந்திக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினார், நவம்பர் 20ஆம் தேதி இறந்துவிட்டார். ஓராண்டுக்குச் சற்றே கூடுதலான காலம்தான் அவர்களுக்குக் கிடைத்தது. காந்தி இன்னும் ஓராண்டு தள்ளிப்போட்டிருந்தால் என்று நினைத்துப் பார்க்கிறேன். எனக்குக் கிடைத்த 4 வருடத்தை நினைத்தும் பார்க்கிறேன்.

இப்போது எழுதுகிறேன். யாருடைய எழுத்து எனக்கு உதவினாலும் எழுதுகிறேன். அதில் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன். படித்த அன்றே, முடிந்தால் அந்த இருப்பிலேயே எழுதிவிட வேண்டும். நிதானமாக நல்ல கடிதமாக எழுதலாம் என்று ஒதுக்கிவைத்தால் அது எழுதப்படாது. மூன்று வரி போதும். பாராட்டுவதற்குச் சொல் தேட வேண்டியதில்லை. அவர் எழுதியதில் எந்த வரி, அதை வைத்து நீங்கள் என்ன செய்தீர்கள், இந்த இரண்டைச் சொன்னால் அதற்கு மேல் ஒரு பாராட்டும் தேவைப்படாது. "குளிக்க மறுத்தால் விட்டுவிடலாம் என்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு நானும் சண்டை போடுவதை நிறுத்தினேன்" என்று அவருக்கு எழுதியிருக்கலாம். உண்மையும் அதுதான். துன்பத்தைப் படித்துவிட்டு என்ன சொல்வது என்று நான் திகைத்ததற்கு விடை இதுவே.

கேள்வி இருந்தால் ஒன்று மட்டும் கேளுங்கள், அதுவும் அவர் தன் அனுபவத்திலிருந்து இரண்டு வரியில் சொல்லக்கூடியதாக இருக்கட்டும். உங்கள் வீட்டுக் கதை முழுவதையும் முதல் கடிதத்திலேயே கொட்டினால் அவர் மலைத்துப்போவார். நான் கடைசியில் எழுதிய மூன்று பக்கம் போய்ச் சேர்ந்திருந்தாலும் அவருக்குச் சுமையாகத்தான் இருந்திருக்கும். பதில் எழுத வேண்டும் என்ற கட்டாயமில்லை என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், அதை மனதார எழுதுங்கள், பதில் வராவிட்டால் மனம் சுருங்காதீர்கள். கேட்காமல் யோசனை சொல்லாதீர்கள். இன்ன மருந்து கொடுத்துப் பாருங்கள், இன்னாரிடம் காட்டுங்கள் என்று முதல் கடிதத்திலேயே தொடங்குகிறவர்களால்தான் எழுதுகிறவர்கள் முகவரியையே எடுத்துவிடுகிறார்கள். நோயாளியின் பெயர், எந்த மருத்துவமனை போன்ற விவரங்களைத் தெரியாதவருக்கு எழுதாதீர்கள். அம்மாவைப் பற்றி நான் எழுதுவது அம்மாவின் சம்மதம் இல்லாமல்தான், அவரால் சம்மதம் சொல்லவும் முடியாது. அந்த எல்லையை நான்தான் காக்க வேண்டும். பதிலாக வரும் யோசனையை மருத்துவரிடம் கேள்வியாக எடுத்துப்போங்கள். "இல்லாத ஆள் தெரிகிறதாம்" என்று சொல்வதற்குப் பதிலாக, "எந்த நேரத்தில், எந்த இடத்தில், எதைப் பார்த்து" என்று கவனித்துச் சொல்லியிருந்தால் மருத்துவரும் வேறு மாதிரி யோசித்திருப்பார். எதைக் கவனிக்க வேண்டும் என்பதைச் சொல்லித்தர ஏற்கெனவே அந்தப் பாதையில் போனவர் தேவைப்படுகிறார், அவரிடம் கேட்க நாம் வாய் திறக்க வேண்டியிருக்கிறது. உதவிய குறிப்புகளை ஒரு நோட்டில் கையால் எழுதி வைத்துக்கொள்ளவும் வேண்டும். அவருடைய குறிப்புகளில் பாதி இப்போது கிடைக்கவில்லை.

எழுதினால் அசட்டுத்தனமாகத் தெரியுமோ என்ற பயத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இருவர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், சிலரை நன்றிக் கடிதம் எழுதவைத்து, அது பெறுபவருக்கு எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே ஊகிக்கச் சொன்னார்கள். எழுதியவர்கள், பெறுபவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று மிகையாக ஊகித்தார்கள், அவர் எவ்வளவு மகிழ்வார் என்பதைக் குறைத்தே ஊகித்தார்கள். சொல் சரியாக வந்திருக்கிறதா என்ற கவலை எழுதியவர்களுக்குத்தான். பெற்றவர்கள் கண்டது அதிலிருந்த அன்பை. மௌனமாகப் படிப்பதே குற்றம் என்றும் நான் சொல்ல வரவில்லை. அம்மா விழுந்த வாரத்தில் ஒரு சொல் எழுதவும் எனக்குத் தெம்பு இருந்திருக்காது, அப்போது படிக்க மட்டுமே முடிந்தது, அந்தப் படிப்பு என்னைத் தாங்கியது. ஆனால் 4 வருடத்தில் எல்லா வாரமும் அப்படிப்பட்ட வாரமாக இருக்கவில்லை.

போன மாதம் ஒருவர் தன் தந்தையைப் பற்றி எழுதியதைப் படித்தேன். மாலையில் யாரோ முதியவர் வீட்டுக்குள் வந்து நிற்கிறார் என்று தந்தை சண்டைக்குப் போகிறாராம். அவருக்கு நான்கு வரி எழுதினேன். உங்கள் எழுத்தைப் படிக்கிறேன், என் அம்மாவுக்கும் இப்படி இருந்தது, உங்கள் தந்தை எந்தப் பக்கம் பார்த்துப் பேசுகிறார் என்று ஒரு நாள் பின்னால் நின்று பாருங்கள், பதில் வேண்டியதில்லை என்று. மறுநாள் காலையிலேயே பதில் வந்தது. அலமாரிக் கதவில் ஆளுயரக் கண்ணாடி இருக்கிறது, எதைக்கொண்டு மூடினீர்கள் என்று கேட்டிருந்தார். பழைய போர்வை போதும், வழுவழுப்பான துணி வேண்டாம், நடுவில் நழுவி விழுந்தால் பயம் இன்னும் கூடும், நான்கு மூலையிலும் ஒட்டிவிடுங்கள் என்று எழுதினேன். அனுப்பிய பிறகு நினைவு வந்து இன்னொரு வரி அனுப்பினேன்: ஜன்னல் திரையையும் இருட்டுவதற்கு முன்பே மூடிவிடுங்கள், விளக்கைப் போட்டதும் அதுவும் கண்ணாடியாகிவிடும்.